கொன்ஸ்தான்சியாப் பள்ளத்தாக்கின் முந்திரிகை மது



எங்கள் பாடசாலைகளில் வரலாறு கற்கும் மாணவர் யாவரும் நன்னம்பிக்கை முனையின் பெயரை அறிவர். 1488-ஆம் ஆண்டிற் பார்த்தலோமியோ டயஸ் அதனைச் சுற்றினார் என்பதும், 1497-இல் வாஸ்கோ ட காமா அவ்வழியே கடந்து மறுவருடம் கோழிக்கோட்டை அடைந்தார் என்பதும் பரீட்சைக்கு வேண்டிய செய்திகள். அவ்விரு விடைகளையும் எழுதி முடித்தவுடன் அம்முனையை நாம் மறந்துவிடுகின்றோம். சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை நோக்கி, “ஐயா, ஒல்லாந்தர் எங்கள் ஊருக்கு வரும் வழியில் அந்த முனையிலே இறங்கி என்ன செய்தார்கள்?” என வினாவினாள். தண்ணீரும் மரக்கறியும் ஏற்றினார்கள் என்று விடையிறுத்தேன். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதியதன்று என்பது எனக்கே தெரிந்தது. அதன்பின் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தேடிப் படித்தவற்றுள் ஒரு சிறு பகுதியையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன். அது ஒரு மதுவின் வரலாறு. மதுவைப் பற்றி ஒரு பாடசாலை அதிபர் பேசுவதா என்று நகைப்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பார்களாக.

கேப் நகரத்துக்குப் பின்னால் மேசைமலை எழுந்து நிற்கின்றது. அம்மலைத்தொடரின் தென்கிழக்குச் சரிவிலே, நகரத்திலிருந்து சில மைல் தொலைவில், கொன்ஸ்தான்சியா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. மேலே கருங்கற் பாறை. கீழே அப்பாறை உதிர்ந்து மண்ணாகிய செம்மையான சரிவு. அதற்கும் அப்பால் பொய்க்குடா என்னும் கடல். கோடையிலே தென்கிழக்குக் காற்று அக்குடாவினின்றும் குளிர்ச்சியை ஏந்தி வந்து சரிவின்மீது வீசும். பகல் வெயிலிற் பழுக்கும் கனி, அக்குளிர்ச்சியால் தன் புளிப்பை முற்றாக இழந்துவிடாமல் இனிப்பேறுகின்றது. யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்றும், தமிழகத்தார் திராட்சை என்றும் கூறும் கொடிக்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. எங்கள் செம்மண்ணிலே பந்தலிட்டு அக்கொடியை வளர்ப்பவர்கள், காற்றும் மண்ணும் கனியின் சுவையை எவ்வளவு மாற்றவல்லன என்பதை என்னிலும் நன்கறிவர்.

அந்நிலம் ஒல்லாந்தர் வருமுன் வெறும் காடாக இருந்ததன்று. கொய்கொய் என்னும் மக்கள் தங்கள் மாட்டு மந்தைகளையும் ஆடுகளையும் பருவத்துக்குப் பருவம் அவ்வழியே ஓட்டிச் சென்று மேய்த்து வந்தனர். 1652-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யான் வான் றிபேக் என்பவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சார்பில் அங்கே இறங்கினார். ஏழு ஆண்டுகளுக்குள், 1659 பெப்ரவரியில், அந்நாட்டு முந்திரிகையிலிருந்து முதன்முதலாக மது பிழியப்பட்டது. அதே ஆண்டிலே கொய்கொய் மக்களுக்கும் ஒல்லாந்தருக்கும் போர் மூண்டதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மறு ஆண்டு சமாதானம் பேசியபோது, ஒல்லாந்து நாட்டுக்கு நாங்கள் வந்து உங்கள் நிலத்தை இவ்வாறு எடுத்துக்கொள்ள நீங்கள் விடுவீர்களா என்னும் கருத்துப்பட அம்மக்கள் கேட்டதனை வான் றிபேக் தம் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்தார். தக்க விடை அவரிடம் இருக்கவில்லை. வாளால் வென்ற நிலம் என்பதே அவர் கூறிய நியாயம். எல்லையாக அவர் நடுவித்த காட்டு வாதுமை வேலியின் ஒரு பகுதி இன்றும் கேர்ஸ்டன்பொஸ்ச் தாவரத் தோட்டத்திலே தழைத்து நிற்கின்றது. கொன்ஸ்தான்சியாவுக்கு அது வெகு அண்மை.

இனிக் கதையின் நடுநாயகரிடம் வருவோம். அவர் பெயர் சைமன் வான் டெர் ஸ்டெல். 1679-ஆம் ஆண்டில் முனையின் தளபதியாக வந்தார். 1691-இல் தேசாதிபதி என்னும் பதவி பெற்றார். ஸ்டெல்லன்பொஸ்ச் என்னும் நகரம் அவர் பெயரால் விளங்குவது. இவருடைய தந்தை அட்ரியான் வான் டெர் ஸ்டெல் மொரீசியசுத் தீவில் ஒல்லாந்தரின் தலைவராயிருந்தவர். சைமன் 1639-இல் அத்தீவை நோக்கிச் சென்ற கப்பலிலே பிறந்தார். தந்தை பின்னர் எங்கே அனுப்பப்பட்டார் என்று நினைக்கின்றீர்கள்? இலங்கைக்கே. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் படைகளோடு நேர்ந்த மோதலில் 1646-ஆம் ஆண்டு அவர் இத்தீவிலே கொல்லப்பட்டார். அப்போது மைந்தனுக்கு ஏழு வயதும் நிரம்பவில்லை.

தாய்வழி இன்னும் கவனிக்கத்தக்கது. தாயின் பெயர் மரியா லீவன்ஸ். மரியாவின் தாயோ மோனிக்கா என்னும் இந்தியப் பெண். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள். ‘கரையைச் சேர்ந்த மோனிக்கா’ என்பதே ஏடுகளில் அவளுக்குள்ள பெயர். அக்கரை கோவாவின் கரையா, சோழமண்டலக் கரையா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. எவ்வாறாயினும், முனையின் முதல் தேசாதிபதியின் பாட்டி இந்தியக் கரையினின்றும் கொண்டுபோகப்பட்ட அடிமைப்பெண் என்பது உறுதி. தென்னாபிரிக்காவின் ஐரோப்பியர் சென்ற நூற்றாண்டிலே நிறத்தால் மனிதரைப் பிரித்துச் சட்டம் இயற்றிய காலத்தில், இச்செய்தியைப் பெரிதும் பேச விரும்பவில்லை. அச்சட்டங்களை அந்தத் தேசாதிபதிக்கே பிரயோகித்திருந்தால் அவர் எவ்வகுப்பிற் சேர்க்கப்பட்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான காரியம்.

1685-ஆம் ஆண்டு யூலை மாதம் 13-ஆம் நாள் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 890 மோர்கன், அதாவது 1,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், சைமனுக்கு வழங்கப்பட்டது. வழங்கியவர் கொம்பனியின் ஆணையாளராகிய ஹென்றிக் வான் றீட். இவரும் எமக்கு அந்நியரல்லர். மலையாள நாட்டின் மூலிகைகளையும் மரங்களையும் பன்னிரண்டு தொகுதிகளில் விவரித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலைத் தொகுப்பித்தவர் இவரே. முனையிலிருந்து புறப்பட்ட அதே ஆணையாளர் பயணத்திலே வங்காளம், சோழமண்டலம், இலங்கை ஆகிய இடங்களையும் பார்வையிட்டார். முனையில் தங்கிய வேளையில் அடிமைகளைப் பற்றியும் சில விதிகள் செய்தார். கொம்பனியின் அடிமைக் கூடத்தில் ஐரோப்பியத் தந்தையர்க்குப் பிறந்த பிள்ளைகள், ஆண்களாயின் 25 வயதிலும் பெண்களாயின் 22 வயதிலும் விடுதலை கோரலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஏட்டில் எழுதிய அவ்விதி நடைமுறையிற் பெரும்பாலும் கைக்கொள்ளப்படவில்லை. தளபதிக்கு நிலம் வழங்கிய ஆணை மட்டும் ஓர் அங்குலம் குறையாமல் நிறைவேறியது.

தோட்டத்துக்குக் கொன்ஸ்தான்சியா என்று ஏன் பெயரிட்டார் என்பது தீராத வினா. அவர் மனைவியின் பெயர் அதுவன்று. மனைவி ஜொஹன்னா சிக்ஸ், கணவரோடு முனைக்கு வராமல் ஒல்லாந்திலேயே தங்கிவிட்டார். உறுதி என்னும் நற்பண்பின் இலத்தீன் பெயர் அது என்பர் ஒரு சாரார். றைக்லொப் வான் கூன்ஸ் என்பாரின் மகள் பெயர் அது என்பர் மற்றொரு சாரார். வான் கூன்ஸ் யாரெனின், 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிப் பின்னர் இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். எது உண்மையாயினும், கொன்ஸ்தான்சியாவைப் பற்றிய ஏட்டைப் புரட்டும்போதெல்லாம் எங்கள் கரையின் பெயர் ஏதோவொரு மூலையில் எட்டிப் பார்க்கின்றது.

சைமன் வேளாண்மையிற் பித்துக்கொண்டவர். கனி நன்கு பழுக்குமுன் பறிப்பவர்களுக்குத் தண்டம் விதித்தார். பீப்பாக்கள் தூய்மையாயிருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். முனை முழுவதும் ஓக் மரங்களை ஆயிரக்கணக்கில் நடுவித்தார். ஸ்டெல்லன்பொஸ்ச் இன்றும் ஓக் நகரம் என்றே சொல்லப்படுகின்றது. முந்திரிகை மதுவை வைத்து முதிர்விக்க ஓக் பலகையாற் செய்த பீப்பாவே சிறந்ததென்பது ஐரோப்பியர் நெடுங்காலப் பழக்கத்திற் கண்டது. அம்மரத்தின் பலகை மதுவைக் கசியவிடாது. ஆனால் மிகச் சிறிதளவு காற்றை மட்டும் மெல்ல உள்ளே விடும். அக்காற்றினால் மது முரடு நீங்கி மென்மையடைகின்றது. பலகையை வளைப்பதற்காகத் தீயிற் காட்டும்போது அதன் உட்புறத்திலே வனிலாவின் மணத்தையொத்த ஒரு மணம் பிறக்கின்றது. அம்மணமும், ஒரு சிறு துவர்ப்பும், பொன்னிறமும் மதுவில் ஏறுகின்றன. இது எங்களுக்குப் புதிய செய்தியன்று. இலங்கையிற் சாராயம் வடிப்போர் அதனை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்காக வைத்து முதிர்விப்பது இதே நோக்கத்துக்காகவே. திருகோணமலை மரம் என்று ஆங்கிலேய வணிகர் பெயரிட்டது அந்த ஹல்மில்லையைத்தான்.

ஆனால் சைமனுடைய ஓக் மரங்கள் அவரை ஏமாற்றின. ஐரோப்பாவின் கடுங்குளிரிலே ஓக் மரம் அங்குலம் அங்குலமாக வளர்ந்து வைரம் பாயும். முனையின் மென்மையான தட்பவெப்பத்திலோ அது விரைந்து வளர்ந்தது; வளர்ந்த வேகத்துக்கேற்ப அதன் மரம் நுண்துளை மிகுந்து பஞ்சுபோலாயிற்று. பீப்பாவாக இணைத்தால் மது கசிந்தது. நிழலுக்கும் பன்றிகளின் தீவனத்துக்குமே அம்மரங்கள் உதவின. பீப்பாப் பலகையோ கடல் கடந்து ஐரோப்பாவிலிருந்தே வரவேண்டியதாயிற்று. எதையும் பிற நாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்டால் அவ்வாறே விளையும் என்றெண்ணிய ஓர் அதிகாரியின் கணக்கு மரத்தின்முன் பிழைத்தது.

பலகை வந்தது ஐரோப்பாவிலிருந்து. கைகள் வந்தது எங்கிருந்து? என் மாணவிக்கு நான் சொல்லாமல் விட்ட விடை இதுவே. முனையிலே கொய்கொய் மக்களை அடிமைகளாக்குதல் கூடாதென்பது கொம்பனியின் கொள்கை; ஆகவே அடிமைகள் கடல் வழியாகக் கொண்டுவரப்பட்டனர். 1652 முதல், ஆங்கிலேயர் அடிமை வாணிகத்தைத் தடைசெய்த 1808 வரை, அவ்வாறு கொண்டுவரப்பட்டோர் ஏறக்குறைய 63,000 பேர் என்று மதிப்பிட்டுள்ளனர். ஆபிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள் என்பவற்றோடு இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த எங்கள் பகுதியும் நாலிலொரு பங்கினரை அளித்தது. வங்காளம், மலையாளம், சோழமண்டலம், தூத்துக்குடி, இலங்கை ஆகிய இடப்பெயர்கள் அடிமைகளின் பட்டியல்களில் வருகின்றன. பிறந்த பெயரைப் பெரும்பாலும் எவரும் எழுதவில்லை. பெப்ரவரி, ஏப்பிரல், செத்தெம்பர் என்று வாங்கிய மாதத்தின் பெயரையோ, கியூப்பிட், தீத்தஸ், சிப்பியோ என்று உரோமர் கதையில் வரும் பெயரையோ சூட்டி, அதனோடு ஊர்ப்பெயரை ஒட்டிவிடுவார்கள். ‘கரையைச் சேர்ந்த ஏப்பிரல்’ என்று எழுதினால் ஒரு மனிதனுடைய சரித்திரம் முடிந்தது.

அவர்கள் ஏன் விற்கப்பட்டார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைப் பாழாக்கின, பின்தொடர்ந்தது பஞ்சம். அதற்கு முந்திய ஆண்டே நாகபட்டினத்தைக் கைப்பற்றியிருந்த ஒல்லாந்தர், பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்க வந்தோரை ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினர். பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்கும் பத்தாவியாவுக்கும் சென்றனர். 1694 முதல் 1696 வரை தஞ்சையில் மீண்டும் போரும் பஞ்சமும் வந்தபோது, தனியார் மாத்திரம் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த அடிமைகள் 3,859 பேர். எங்கள் குடாநாட்டிலே அவர்களை வாங்கியவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறைத்துப் பேசினால் வரலாறு கற்பித்தவனாகேன். காலியிலிருந்தும் பத்தாவியாவிலிருந்தும் ஒல்லாந்து நோக்கித் திரும்பிய கப்பல்களில் கொம்பனி உத்தியோகத்தர் தங்கள் சொந்த அடிமைகளையும் ஏற்றிச் சென்று முனையிலே நல்ல விலைக்கு விற்றனர். கறுவாப்பட்டையும் மிளகும் ஏறிய கப்பலில் மனிதரும் அவ்வாறே ஏறினர்.

மலைச்சரிவைக் கொத்தியதும், கொடி நட்டதும், கல் சுமந்ததும், மாரியிலே கவாத்துச் செய்ததும், கோடையிலே கனி பறித்துக் காலால் மிதித்ததும் இவர்களே. கொன்ஸ்தான்சியாவின் மது பிறந்தது அந்தக் கால்களின் கீழ்.

சைமன் 1699-இற் பதவி விலகித் தம் தோட்டத்திலேயே வாழ்ந்து 1712-இல் இறந்தார். நிலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மாளிகை நின்ற பகுதியாகிய பெரிய கொன்ஸ்தான்சியா, 1716-ஆம் ஆண்டளவில் ஒலொப் பெர்க் என்னும் சுவீடன் நாட்டவர் கைக்கு வந்தது. இப்பெர்க் ஒரு விசித்திர மனிதர். உடைந்த போர்த்துக்கீசக் கப்பலொன்றின் பொருள்களைக் கையாடினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு றொபன் தீவிலே சிறையிருந்தார். பின்னர் இலங்கைக்கு அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின் திரும்பிவந்து மீண்டும் கப்பித்தானானார். அவர் மனைவி அன்னா டி கோனிங். 1724-இற் கணவர் இறந்தபின், 1734-இல் தாம் இறக்கும்வரை, தோட்டத்துக்கு அன்னாவே உடையவர்.

இந்த அன்னா பிறப்பால் அடிமை. தாய் வங்காளத்து அஞ்செலா என்பவள். வான் றிபேக் அவளை விலைக்கு வாங்கினார். அவர் முனையை விட்டு நீங்கியபோது வேறொருவருக்கு விற்றார். 1666-இல் மூன்று குழந்தைகளோடு அவள் விடுதலை பெற்றாள். அக்குழந்தைகளுள் ஒருத்தி வளர்ந்து, பேரழகி என்று பெயரெடுத்து, கப்பித்தானை மணந்து, முனையின் முதன்மையான மாளிகைக்குத் தலைவியானாள். இதனைக் கேட்டு மகிழ்வோர் அடுத்ததையும் கேட்கவேண்டும்: அந்த மாளிகையில் அவளுக்கு ஏவல் செய்தோரும் அடிமைகளே. தன் தாயின் நாட்டிலிருந்தோ அதன் அயலிலிருந்தோ வந்தவர்களை அவள் என்ன கண்ணோடு நோக்கினாள் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. மாணவருக்கு நல்லவர், தீயவர் என்று இரண்டு நிரல் இட்டுக் கற்பிக்க விரும்பும் ஆசிரியனுக்கு இத்தகைய பாத்திரங்கள் பெருந்தொல்லை. நான் அத்தொல்லையை விரும்பத் தொடங்கியுள்ளேன்.

மதுவுக்கு ஐரோப்பாவிற் பெயர் தேடித் தந்தவர் அயற்பகுதியாகிய சின்னக் கொன்ஸ்தான்சியாவின் உடையவர் ஜொஹன்னஸ் கொலைன். (இன்று அப்பெயர் தாங்கும் தோட்டம் வேறு, அது பெரிய கொன்ஸ்தான்சியாவினின்றும் பின்னாளிற் பிரிந்தது. பெயரை நம்பி வரலாறு எழுதுவோர் இங்கே வழுக்கி விழுவர்.) கொலைனுடைய தாயும் ஆபிரிக்காவின் கினிக் கரையினின்றும் அடிமைகளாக வந்த பெற்றோரின் மகளாகிய மரியா எவர்ட் என்பவள். 1720-களிலும் 1730-களிலும் அவர் அனுப்பிய வெள்ளையும் சிவப்புமான இனிப்பு மது ஐரோப்பாவிலே விலையேறிற்று. கனியைப் பழுத்தவுடன் பறிக்காமல், கொடியிலேயே வற்றிப் பாதி முந்திரிகை வற்றலாகும்வரை விட்டுப் பிழிவதே அதன் இரகசியம். அவ்வாறு பிழிந்தால் சாறு குறையும்; ஆனால் தேன்போலத் திரளும். பிரொந்தினியான் மஸ்கற் என்னும் மணமிக்க வெள்ளைக் கனியே வெள்ளை மதுவுக்கு அடிப்படை.

1778-இற் பெரிய கொன்ஸ்தான்சியாவை ஹென்றிக் குளூட் வாங்கினார். சீர்குலைந்து கிடந்த தோட்டத்தைத் திருத்தி, மாளிகையைப் புதுக்கி, 1791-இற் புதிய மதுச்சாலையொன்றையும் கட்டினார். அதன் முகப்பிலே அந்தோன் அன்றைத் என்னும் சிற்பி கானிமீட் என்னும் கிரேக்கக் கதைச் சிறுவனைப் புடைப்புச் சிற்பமாக அமைத்தான். தேவர்களுக்கு மது வார்ப்பவன் கானிமீட். எனவே மதுச்சாலைக்குப் பொருத்தம் என்று எவரும் கூறுவர். ஆனால் அக்கதையின் தொடக்கம் யாது? தந்தையின் மந்தையை மேய்த்து நின்ற சிறுவனைத் தேவராசன் கழுகு வடிவிலே பற்றித் தூக்கிச் சென்று தன் பந்தியிலே மது வார்க்க வைத்தான். கடத்திச் செல்லப்பட்ட ஒரு பிள்ளையின் உருவம் மேலே. கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் பீப்பா உருட்டிய வாயில் கீழே. சிற்பி இதை எண்ணித்தான் செய்தானா என்பதை அறியோம். அச்சிற்பம் இன்றும் அங்கே உள்ளது.

புகழின் உச்சி அக்காலமே. மன்னரும் பிரபுக்களும் கொன்ஸ்தான்சியாவை வேண்டி நின்றனர். சென் ஹெலேனாத் தீவிற் சிறைப்பட்டிருந்த நெப்போலியனுக்கு 1815 முதல் 1821 வரை அது அனுப்பப்பட்டது. ஆங்கில இலக்கியம் கற்றோர், ஜேன் ஒஸ்டின் 1811-இல் வெளியிட்ட ‘சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி’ என்னும் நவீனத்திலே மனநோவுக்கு மருந்தாக இம்மது எடுத்துவரப்படும் கட்டத்தை நினைவுகூர்வர். டிக்கின்சின் முற்றுப்பெறாத இறுதி நவீனத்திலும், பிரெஞ்சுக் கவிஞர் போதலேயரின் கவிதையொன்றிலும் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. நானும் கல்லூரி நாளில் ஒஸ்டினைப் படித்தவனே. அப்பக்கத்தைப் புரட்டியபோது அம்மதுவுக்கும் நாகபட்டினத்துக்கும் தொடர்பிருக்கும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1834 டிசெம்பர் முதலாம் நாள் முனையில் அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் 35,000-க்கு மேற்பட்ட அவ்வடிமைகள் ‘தொழில் பயில்வோர்’ என்னும் புதுப்பெயரோடு மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எசமானரிடமே கட்டுண்டிருந்து 1838-இலேயே உண்மையில் விடுதலையாயினர். பிரித்தானிய அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றுக்குமாக இரண்டு கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கிற்று. அது கொடுக்கப்பட்டது உடையவர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

அதன்பின் தோட்டத்துக்கு இறங்குமுகம். 1859-இல் இலைகளிலும் கனியிலும் சாம்பல் நோய் படர்ந்தது. மறு ஆண்டு பிரித்தானியாவும் பிரான்சும் செய்த வாணிக உடன்படிக்கையால் பிரெஞ்சு மதுவின் தீர்வை குறைய, முனையின் மதுவுக்கு இலண்டனில் இருந்த சலுகை போயிற்று. 1885-இற் குடியேற்ற அரசாங்கமே பெரிய கொன்ஸ்தான்சியாவை வாங்கி மாதிரித் தோட்டமாக்கியது. மறு ஆண்டே முந்திரிகையின் வேரை உறிஞ்சும் பிலொக்சேரா என்னும் பூச்சி முனையிற் காணப்பட்டது. 1925-இல் மாளிகை தீப்பற்றி எரிந்தது. மீண்டும் கட்டப்பட்டு இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. பழைய இனிப்பு மதுவோ வழக்கொழிந்து, சில பழம்போத்தல்களில் மட்டும் எஞ்சியது.

அதனை மீட்டவர்கள் இக்காலத்தவர். 1980-இற் சின்னக் கொன்ஸ்தான்சியா புதிய உடையவர் கைக்கு மாறியது. பழைய ஏடுகளை ஆராய்ந்து, பிரொந்தினியான் மஸ்கற் கொடிகளை மீண்டும் நட்டு, 1986-ஆம் ஆண்டின் கனியிலிருந்து ‘வன் டி கொன்ஸ்தான்ஸ்’ என்னும் மதுவைச் செய்து 1990-இல் வெளியிட்டனர். சரிவின் ஒவ்வொரு பாத்தியையும் பலமுறை சுற்றிவந்து, பச்சைக் கனியும் வற்றிய கனியும் வெவ்வேறு நாட்களிற் பறிக்கப்படுகின்றன. இனிப்பின் மிகுதியால் நொதித்தல் மிக மெதுவாக நடைபெறுகின்றது. பின்னர் 500 லீற்றர் பீப்பாக்களில் ஏறக்குறைய மூன்று ஆண்டு முதிர்கின்றது. பீப்பாப் பலகை இன்றும் ஐரோப்பாவின் ஓக்கே. போத்தலும் பழைய போத்தலின் உருவத்தையே பின்பற்றியது. உலகின் சிறந்த இனிப்பு மதுக்களுள் ஒன்றாக அதனை இன்று போற்றுகின்றனர்.

ஆனால் மது மீண்ட அக்காலத்திலே மக்கள் மீளவில்லை. அடிமைகளின் வழிவந்தோர் விடுதலைக்குப் பின்னும் அப்பள்ளத்தாக்கிலும் அயலிலும் மரக்கறித் தோட்டம் செய்தும், பூ விற்றும், முந்திரிகைத் தோட்டங்களிற் கூலி செய்தும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பள்ளியும் கோவிலும் மசூதியும் கட்டினர். 1950-ஆம் ஆண்டின் இனவாரிப் பிரதேசச் சட்டத்தின்படி 1960-களிற் கொன்ஸ்தான்சியா வெள்ளையருக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. நிறத்தவர் என்று பதியப்பட்ட குடும்பங்கள், நிலவுரிமைப் பத்திரம் கையில் இருந்தபோதிலும், மணற்பாங்கான கேப் சமவெளிக்குத் துரத்தப்பட்டன. கொம்பனியின் முதல் தேசாதிபதியின் பாட்டியும், அன்னாவின் தாயும், கொலைனின் தாயும் அன்று உயிரோடிருந்திருந்தால் அந்த வண்டிகளிலேயே ஏற்றப்பட்டிருப்பர்.

இன்னொன்றையும் ஆசிரியன் என்ற முறையிற் சொல்லாமல் விட முடியாது. மேற்குக் கேப் மாகாணத்தின் பண்ணைகளிற் கூலியின் ஒரு பகுதியை நாள்தோறும் கோப்பை கோப்பையாக மட்டமான மதுவாகவே கொடுக்கும் வழக்கம் அடிமைக்காலந்தொட்டு நிலவியது. 1960-களிற் சட்டம் அதனைத் தடுத்தும், அதன்பின் பல ஆண்டுகள் அது தொடர்ந்தது. தாயின் குடியால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிகுதியாகப் பதிவான இடங்களுள் அம்மாகாணமும் ஒன்று. அக்குழந்தைகள் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவர். கணக்கு அவர்களுக்கு எட்டாது. எதிரிலுள்ள ஆசிரியரோ காரணம் அறியாது சோம்பல் என்று கடிந்துகொள்வார். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்பதால் அவ்வகுப்பறையை என்னால் கண்முன்னே காண முடிகின்றது.

1994-இல் நிறவாதம் வீழ்ந்தவுடன் புதிய அரசாங்கம் நிலவுரிமை மீட்புச் சட்டம் இயற்றி, 1913-க்குப் பின் இனச்சட்டங்களால் நிலம் இழந்தோர் கோரிக்கை தாக்கல் செய்ய 1998 முடிவு வரை அவகாசம் கொடுத்தது. கொன்ஸ்தான்சியாவிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களும் தங்கள் பழைய பத்திரங்களோடு வந்தன. அதற்குள் அப்பள்ளத்தாக்கு நாட்டின் மிக விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாகியிருந்தது. தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் சென்றன. சிலருக்கு நிலம் கிடைத்தது. பலர் பணமாகப் பெற்றுக்கொண்டனர். வழக்கு முடியுமுன் இறந்த முதியோரும் உளர்.